எலுமிச்சை இல்லாத தேநீர்

மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது நார்வாவில்.
ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு.
அங்கும் இதே இருட்டுதான்.

இன்று சம்பள நாள்.
வங்கி அட்டை ஜன்னாவிடம்.
பேருந்துக்கு இரண்டு யூரோ, ரொட்டிக்கு ஒன்றரை,
எண்ணித் தருகிறாள் தங்கை
முப்பத்தெட்டு வயதுக்காரன் கையில்.
முதல் மாதம் கூசியது.
இப்போது கூச்சத்தையும் சில்லறையோடு
பையில் போட்டுக்கொள்கிறேன்.

நூற்று நாற்பத்து மூன்று நாள்.
யாரிடமும் சொல்வதில்லை.
போன தடவை தொண்ணூற்றொன்றில் சொல்லிப் பார்த்தேன்,
தொண்ணூற்றிரண்டு வரவே இல்லை.

பழைய நிறுத்தத்தில் ரோதியோன் நிற்பான்.
கெட்டவன் இல்லை,
அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன்.
அதனால்தான் இருபது நிமிடம்
பனியில் சுற்றி நடக்கிறேன்.
அவன் எண்ணை அழித்தாயிற்று.
விரலுக்கு இன்னும் மனப்பாடம்.

ஜன்னா வீட்டில் தேநீருக்கு எலுமிச்சை கிடையாது.
ஏன் என்று அவள் கணவன் கேட்டதற்கு
விலை ஏறிவிட்டது என்றாள்.
ஜாம் புட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆனால் தொழிற்சாலையில் இன்று
கணக்கர் லெம்பித்துக்குப் பிறந்தநாள்.
கேக், காகிதத் தட்டு,
யாரோ கத்தியெடுத்து
ஒரு எலுமிச்சையை இரண்டாக நறுக்கினார்கள்.

அவ்வளவுதான்.
முழங்கை மடிப்பு கண் விழித்துவிட்டது.

பின்படிக்கு ஓடி எல்வீராவை அழைத்தேன்.
மீன் செதில் சுரண்டும் சத்தம்.
எங்கே நிற்கிறாய்?
படியில்.
என்ன தெரிகிறது?
குப்பைத்தொட்டி. அதன்மேல் ஒரு காகம்.
என்ன செய்கிறது?
சும்மா இருக்கிறது.
நீயும் இரு.

சுரண்டினாள். இருந்தேன்.
கையுறை உள்ளே மேசையில்.
காதோடு ஒட்டிப்போன கைபேசியில்
மகன் கணக்கில் தோற்றதை,
அடுப்பின் இடதுபக்கம் எரியாததைச் சொன்னாள்.
என் அப்பனுக்கு நடப்பதுபோலக் கேட்டேன்.
காகம் எப்போதோ போய்விட்டது.
இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நாற்பது நிமிடம்.
மேலாளர் அதைச் சம்பளத்தில் பிடிப்பார்.
பிடிக்கட்டும்.

இரவு.
ஜன்னா தேநீர் ஊற்றுகிறாள்,
அவளுக்கும் ஜாம்தான்.
சின்ன வயதில் எலுமிச்சையைத்
தோலோடு கடித்துத் தின்பவள்.

அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை.
இன்று என்ன நாள் என்றாள்.
வெள்ளி என்றேன்.
கரண்டியை நீட்டினாள்.