படிவத்தில் இல்லாத கட்டம்

டேப்பின் ஒரு முனையைத் தேசிங்கு பிடித்துக்கொண்டார்,
மறுமுனையை நான்.
முப்பத்தெட்டு அடிக்கு நாற்பத்திரண்டு.
ஒன்பதங்குலச் சுவர். விரலால் தட்டினேன்.
குறை சொல்ல முடியாத சத்தம்.

போன செவ்வாய் காட்பாடி காந்தி நகரில்
இதே வீட்டை அளந்தேன்.
அதே வரைபடம், அதே கொத்தனார்,
மாடிப்படி திரும்புமிடத்தில் தலை இடிக்கும்
அந்தத் தப்பு உட்பட.
அது தம்பி வீடாம்.
ஒரே லாரியில் வந்த சிமெண்ட்
பாதி அங்கே இறங்கி, மீதி
ஒடுகத்தூர் வரைக்கும் வந்ததாம்.

வங்கி விஷயம், வெளியே சொல்லக்கூடாது.
தம்பியே சொல்லிவிட்டிருக்கிறான்.
"அதுல மூணுல ஒரு பங்குகூட வராதா மேடம்?
என் மணலு மட்டும் மணலு இல்லியா?"

சுவருக்கு ரெண்டு பேருக்கும் ஒரே விலைதாண்ணே போட்டேன்.
சுவருக்கு அடியில் இருப்பதுதான் வேறே.
அடியில்கூட இல்லை,
சுற்றி இருப்பது.

தம்பி வீட்டில் ரயில் ஊதுவது கேட்கிறது.
அசன்சோலிலிருந்து ஒரு குடும்பம் அதில் வந்து இறங்கும்
ஸ்கேன் கவரைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
ஸ்டவ்வோடு ஓர் அறை, நாள் வாடகை.
"இன்னும் பத்து நாள் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால்
லாட்ஜ்காரர் காலண்டரைப் பார்க்கிறார்.
காலேஜ் பிள்ளைகள் நாலு பேர்
ஒரு ஹாலை பீரோவால் தடுத்து வாழ்கிறார்கள்.
யார் யாரோ காத்திருப்பது
தம்பியின் மனையில் ஊற்றாகச் சுரக்கிறது.

பாலாறு அங்கேயும் ஓடவில்லை.
உங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தேன், வானம் தெரிந்தது.
படிவத்தில் கிணற்றுக்குக் கட்டம் உண்டு:
ஆம், இல்லை. ஆம் என்று டிக் அடித்தேன்.
பின்னால் நிற்கும் மலைக்குக் கட்டம் இல்லை.
"அண்மையில் நடந்த விற்பனை" என்ற கட்டத்தில்
எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
இந்தத் தெருவில் யாரும் விற்கவில்லை;
பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

கடன் எதற்கு என்று கேட்டேன்.
மகனுக்கு, பெங்களூரில், பதினாலாவது மாடியில்.
"கார் நிறுத்த மட்டும் ஏழு லட்சமாம்.
தரையில கோடு கிழிச்சு
நம்பர் எழுதித் தருவாங்களாம்."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்:
மூன்று அறை, கிணறு, இரண்டு தென்னை
அடமானம் வைத்தால்
அந்தக் கோடும், ஒரு சமையலறையில் பாதியும்.

சத்துவாச்சாரியில் நான் வாடகைக்கு இருக்கிறேன்.
வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள்.
என் சம்பளத்துக்கு இந்த வீட்டை வாங்கலாம்,
தலை இடித்துக்கொண்டே வாழலாம்.
ஆனால் என் சம்பளம் இங்கே இல்லை.

எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எந்த எண் என்று அவர் கேட்கவில்லை.
பிடித்திருந்த முனையை மட்டும் விட்டார்.
டேப் சர்ரென்று தரையில் இழுபட்டு
வேலூர்ப் பக்கம் நின்ற என் கைக்குள்
வந்து சுருண்டது.