போர்டு 47, கறுப்பு

செக்கானூரணி தாண்டி பெல்ட் அறுந்து
வண்டி நின்ற மதியத்தில்தான் இது தொற்றியது.
புளியமர நிழலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்
பையிலிருந்து அட்டையை எடுத்து விரித்து
"ஆடுறீங்களா கண்டக்டர் சார்?" என்றான்.
குதிரை மட்டும் ஏன் கோணலாய்ப் போகிறது என்று
நான் கேட்டு முடிப்பதற்குள்
நாலே நகர்வில் என் ராஜாவைச் சாய்த்துவிட்டு
மாற்றுப் பேருந்தில் ஏறிப் போனான்.
மீதிச் சில்லறை இரண்டு ரூபாய்
இன்னும் அவனுக்கு நான் தரவேண்டும்.

அது தை மாசம். இப்போது ஆவணி.
நாளை ஞாயிறு, பழங்காநத்தத்தில் போட்டி.
நுழைவுக் கட்டணம் ஐநூறு.
பிரிவு: தரவரிசை இல்லாதோர்.
வயது என்ற கட்டத்தில் நாற்பத்தாறு என்று நிரப்பியபோது
அந்தப் படிவத்துக்கே சந்தேகம் வந்திருக்கும்.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய காந்தப் பலகை,
நூற்றெண்பது ரூபாய்.
உசிலம்பட்டி டெப்போ ஓய்வறையில்
கொசுவர்த்திக்கும் தூக்குவாளிக்கும் நடுவே விரித்து
எனக்கு நானே எதிரி ஆனேன்.
கறுப்புச் சிப்பாய் ஒன்று என்றைக்கோ உருண்டு
வண்டியின் பலகை இடுக்கில் போய்விட்டது.
அதன் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம்.

ஒச்சப்பன் ஸ்டியரிங்கைத் துடைத்தபடி
"என்னப்பா, குதிரைக்குக் கொள்ளு வாங்கியாச்சா?" என்பான்.
நான் "ஈ நாலு, ஈ நாலு" என்று சொல்லிப் பழகினால்
டீக்கடைக்காரர் அவசரமாய் வடைத்தட்டை மூடுவார்.

எழுதுவதில் பயமில்லை.
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ட்ரிப் ஷீட் எழுதிய கை,
குலுங்கும் வண்டியிலும் கட்டம் தாண்டாது.
தொட்ட காயை ஆடித்தான் ஆகவேண்டும் என்ற விதி
வாசித்த உடனே புரிந்தது.
மெஷின் துப்பிய டிக்கெட்டை
மறுபடி அதன் வாய்க்குள் திணிக்க முடியுமா?

பயமெல்லாம் இந்த வாய்தான்.
அரங்கத்தில் பேசக்கூடாதாம்.
"படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்று
இருபத்தோரு வருஷம் கத்திப் பிழைத்தவன்
மூன்று நாளாய்
சமையல்கட்டுக் கடிகாரத்தின் முன்னால்
ஒரு மணிநேரம் வாயைக் கட்டி உட்காருகிறேன்.
"ஒடம்புக்கு என்ன?" என்று
நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் சிவனம்மாள்.

கைகுலுக்கித்தான் தொடங்கவேண்டுமாம்.
சில்லறை வாடை எலுமிச்சைக்கும் போகவில்லை.

ராத்திரி பத்தேகாலுக்குப் போனில் பட்டியல் வந்தது.
போர்டு 47.
எதிரே: மிர்துளா, வயது ஒன்பது.
எனக்குக் கறுப்பு.

கறுப்பா?
ஏழு மாசமாய் வெள்ளைப் பக்கமே உட்கார்ந்திருக்கிறேன்.
படித்ததெல்லாம் வெள்ளைக்கு.
கறுப்பின் தோல்விகளை
நானே சந்தோஷமாய் ஆடிக் கொடுத்திருக்கிறேன்.

பலகையைத் திருப்பி வைத்தேன்.
ராணி வலப்பக்கம் மாறி நின்றாள்.
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவனுக்குச் சாலை
விலகி விலகிப் போகுமே, அதுபோல
எல்லாம் தெரிந்த ஊர்தான், ஒன்றும் பிடிபடவில்லை.

வெகுநேரம் பார்த்திருந்தேன்.
அப்புறம்தான் உறைத்தது:
எந்த நாளும் முதலில் பேசுகிறவன் நான் இல்லையே.
"கருமாத்தூர் ஒண்ணு" என்று கை நீட்டுகிறார் ஒருவர்.
"நாகமலை ரெண்டு, ஒரு அரை."
ஒன்றுமே சொல்லாமல்
ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார் இன்னொருவர்.
அதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித்தானே
வீட்டுக் கடனில் பாதி அடைந்திருக்கிறது.

வரட்டும் அந்தப் பிள்ளை.
எங்கே போகணும் என்று அவள் முதலில் சொல்லட்டும்.
நாலு நகர்வில் முடிக்கும் அந்த ஒரு வழியை மட்டும்
குதிரையை முன்னால் விட்டு மறிக்கத் தெரியும் எனக்கு.
ஐந்தாவதிலிருந்து ஒன்றும் தெரியாது.

ட்யூட்டி மாற்றியாயிற்று. சட்டை தேய்த்தாயிற்று.
நாளை அவர்கள் வைக்கும் பலகையில்
கறுப்புச் சிப்பாய் எட்டும் இருக்கும்.
இருந்தாலும் ஒரு ஐந்து ரூபாயைச்
சட்டைப்பையில் போட்டேன்.
யார் கண்டது, அந்தப் பையனும் வரலாம்,
கூடவே ஒரு இரண்டு ரூபாய்.