ஐந்தாவது பாட்டு

நள்ளிரவிலேயே வெளியாகிவிட்டதாம்.
நான் கேட்டது காலை ஏழேகாலுக்கு,
பாயான் லெப்பாஸில் ஷிப்டு முடிந்து
பாலத்தின் மேல் ஊரும் தொழிற்சாலை பஸ்ஸில்,
இடது காதில் மட்டும்.
வலது இயர்போன் செத்து இரண்டு மாதம்.

அட்டையில் அவள் முகம், பக்கவாட்டில்.
பெயர் திலகா, அவ்வளவுதான்.
எங்களோடு இருந்தபோது திலகேஸ்வரி.
போஸ்டரில் இடம் போதாதென்று
என் பெயரைத்தான் நாகா என்று வெட்டினோம்.

முதல் நான்கு பாட்டிலும் நான், நான், நான்.
குறை சொல்லவில்லை. தனி ஆல்பம் வேறெப்படி இருக்கும்.
ஆனால் 'கடைசி ஃபெரி'க்கு அவள் எழுதியதெல்லாம்
நாம்:
நாம் நனைவோம், நாம் தொலைவோம்,
கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்பவனையும்
சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் நாம்.
அஸ்மானுக்குத் தமிழ் தெரியாது.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
கீபோர்டிலிருந்து தலை நிமிர்ந்து கத்துவான்.

டிரம்ஸ் இப்போது கம்ப்யூட்டர்.
மெங் ஹூய் இரண்டாம் சரணத்தில் ஓட ஆரம்பிப்பான்,
நான் பேஸ் கம்பியால் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.
இங்கே யாரும் ஓடவில்லை.

ஐந்தாவது பாட்டு.
தொடங்கும் முன் ஓர் இரைச்சல், கொசு அளவு.
எனக்குத் தெரியும் அதை.
ஜெலுத்தோங்கில் நானூற்றைம்பது வெள்ளிக்கு வாங்கிய
என் ஆம்ப். எர்த் வயர் தளர்ந்தது.
பிரிந்த அன்று அவள் வேனில் போனது,
நானும் திருப்பிக் கேட்கவில்லை.
ஸ்டூடியோவில் இதைத் துடைக்க ஒரு பொத்தான் போதும்.
துடைக்கவில்லை.

பிறகு குரல்:
'நாங்கள் மேடை இறங்கியபோது
விளக்கை யாரும் அணைக்கவில்லை.'

நாங்கள்.
ஊருக்குச் சொல்கிறாள் என்றால் அதில் நான் உண்டு,
மெங் ஹூய் உண்டு, அஸ்மான் உண்டு.
எனக்குச் சொல்கிறாள் என்றால்
நான் வெளியே.

பத்து விநாடி பின்னால் இழுத்தேன்.
மறுபடியும் இழுத்தேன்.
சொல்லின் கடைசி எழுத்தில் மூச்சை விடுகிறாள்,
அது எந்தப் பக்கமும் சாயவில்லை.

பிறையில் சிவப்பு விளக்கு.
பக்கத்து இருக்கை நேபாளத் தம்பி
என்ன பாட்டு என்றான், மலாயில்.
கூட்டாளி பாடியது என்றேன்.
ஆம்ப் என்னுடையது என்றும் சொன்னேன்,
ஏன் சொன்னேனோ.
கையை நீட்டினான்.
பாடுகிற பக்கத்தை அவனிடம் கொடுத்துவிட்டு
செத்ததை என் காதில் வைத்துக்கொண்டேன்.
அவன் தலை ஆடத் தொடங்கியது,
தாளத்துக்குக் கொஞ்சம் முன்னால்.