முப்பத்தேழு

முப்பத்தேழு வரைக்கும் வருகிறது.
அதற்குப் பிறகு
கையில் பனியன் இருக்கிறது,
எண் இல்லை.

ஐம்பது சேர்ந்தால் ஒரு கட்டு.
முன்பெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டே
மத்தியானத்துக்குள் இருபது கட்டுப் போடுவேன்.
தையல் பிசிறு, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை
ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பாது.
இந்த ஏழாம் மாதத்தில்
பக்கத்து மேசை மமதா
ஏகோ, துயி, தினி, சாரி என்று
அவள் ஊர்க் கணக்கில் முணுமுணுக்க
என் எண்களெல்லாம் அவற்றோடு சேர்ந்து
ஒடிசாவுக்கு ரயிலேறிவிடுகின்றன.

மறுபடி ஒன்று.

நூல் வெட்டும் கத்தரியைக் காணோம்.
மேசைக்கடியில், வேஸ்ட் மூட்டைக்கடியில்,
டிபன் பைக்குள் தேடி
அழுகையே வந்துவிட்டது.
சூப்பர்வைசர் நாகமாணிக்கம்
ஒன்றும் பேசாமல் என் கழுத்தைக் காட்டினார்.
கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.
"ரோசனையெல்லாம் எங்க இருக்குதுங்?"
தெரியலீங்.
அதையுந்தான் தேடுறேன்.

நேற்று அரிசி களைந்து குக்கரில் போட்டேன்.
தண்ணீர் ஊற்றவில்லை.
விசிலுக்குக் காத்து
சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினேன்.
கருகல் வாசம் வந்தபோது
பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன அத்தனை கவனமில்லை
என்று நினைத்துக்கொண்டேன்.

அலுப்பு என்று ஒரு சொல்லில் சொல்கிறார்கள்.
சாயத்தொட்டியிலிருந்து எடுத்து
பிழியாமல் போட்ட துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா,
முழுத் தானும் ஒரே சமயத்தில்?

ஆஸ்பத்திரியில் நர்சம்மா
புது நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்:
"வீட்டுக்காரர் பேரு?"
வாயைத் திறந்தேன்.
பேர் வரவில்லை.
மூக்கு வருகிறது, இடது புருவத்துத் தழும்பு வருகிறது,
நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது
சட்டையில் இருக்கும் சோடா வாசம் வருகிறது.
"இந்தக் காலத்துலயுமா பேரு சொல்லக் கூச்சம்?"
என்று சிரித்தார்.
நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.
கூச்சம் என்றே இருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது.
அதுதான் தப்பு.
"ஏனுங் அம்மிணி, அனுப்பர்பாளையம்தான கேட்டீங்க?
அது போயி அரை மணி ஆச்சுங்.
இது அவினாசி."
காசில்லாத டிக்கெட்டு
உள்ளங்கை வேர்வையில் கூழாகியிருந்தது.
இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.
தூறல்.
பூட்டிக் கிடந்த ஒரு கம்பெனி மதில்மேல்
மயில் ஒன்று வாலை நனையவிட்டு உட்கார்ந்திருந்தது.
மயில்சாமி!
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
வெங்காய மூட்டையோடு நின்றவர்
திரும்பிப் பார்த்தார்.

நர்சம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்:
"சாப்புட்டுப்போட்டு
இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க.
புள்ள அசையறத எண்ணுங்க.
ரெண்டு மணி நேரத்துல பத்து வரோணும்."

எண்ணச் சொல்கிறார்,
என்னை.

ராத்திரி படுத்தேன்.
பாத்திரப் பட்டறைச் சுத்தியல்கள் ஓய்ந்திருந்தன.
கடிகாரத்தைப் பார்த்தேன், மணியை மறந்தேன்,
மறுபடி பார்த்தேன்.
விலா எலும்புக்குக் கீழே ஒரு புரளல்.
ஏகோ.
கொஞ்சம் தள்ளி, முட்டியோ முழங்கையோ,
துயி.
எப்போது மொழி மாறியது என்று
எனக்குத் தெரியவில்லை.
தினி.
இமை மேல் யாரோ
கட்டுக் கட்டாக அடுக்குகிறார்கள்.
அப்புறம் ஒன்று.
சாரி, என்று சொன்னேன்,
சொல்லும்போதே தூங்கிப்போனேன்.

மன்னிப்புக் கேட்டதாக
உள்ளே இருப்பது எடுத்துக்கொண்டதோ என்னமோ.
எவ்வளவு நேரம் பொறுத்ததோ.
ஐந்தாவது
எழுப்புகிற மாதிரி விழுந்தது.

இருட்டில் எழுந்து உட்கார்ந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.
சரி சாமி,
முழிச்சுட்டேன்.
ஆறு சொல்லு.