பின் இடது

சாந்தியாகோவிலிருந்து மூன்றரை மணி நேரம் தெற்கே.
புந்தா அரேனாஸில் இறங்கியதும்
காற்று என் பெட்டியைத்தான் முதலில் சோதித்தது.
உள்ளே நான்கு மைக்குகள், ஒரு மடிக்கணினி,
பழுதானதற்குப் பதிலாகப் புது பிராசஸர்.

காலி அரங்கு.
ஒன்பதாம் வரிசையில் மைக்குகளை
ஆட்களைப் போல உட்காரவைத்து
இரைச்சலைத் திறந்துவிட்டேன்.
எந்த மலையிலிருந்தும் விழாத அருவி அது.
ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊற்றி அளக்க வேண்டும்.
திரைக்குப் பின்னால், பக்கச் சுவர்கள், கூரை,
கூரைக்கு மேல் தகரம்,
தகரத்துக்கு மேல் நீரிணையின் காற்று.
அது எந்தச் சேனலிலும் இல்லை.
ஆனாலும் முப்பத்தெட்டு டெசிபல்.

பின் இடதைக் கூப்பிட்டேன்.
பின் வலது பதில் சொன்னது.

பதினோரு வருடமாக இடம் மாறிக் கிடந்த
இரண்டு கம்பிகள்.
கதவுகள் தப்பான பக்கத்தில் சாத்திக்கொண்டன,
மூலைக்கு மூலை பறக்கவேண்டிய ஹெலிகாப்டர்கள்
சுவரோரமாகவே போயின,
ஊர் பாப்கார்ன் தின்றபடி பார்த்திருந்தது.

பத்து நிமிட வேலை. மாற்றிச் சொருகினேன்.
எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு.
எல்லாச் சுவரும் ஒரே எண்ணைச் சொன்னால்
எனக்குப் பசிக்கும்.
ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை இரவு
டிக்கெட் கவுண்டரிலிருந்து யாஸ்னா:
ஒருவர் சண்டை போடுகிறார்,
நாயை யார் கொன்றீர்கள் என்று.

தோன் எலியேசர் மான்சில்லா.
கப்பல் பட்டறையில் முப்பது வருடம்
இரும்பைக் கொத்திய சுத்தியல்
இடது காதைத் தின்றுவிட்டது.
ஒன்பதாம் வரிசை, வலது சுவரோரம்,
ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி.
செவ்வாயன்று இதே படத்தில்
அவன் கதவைத் திறக்குமுன் நாய் குரைத்தது.
இன்று சும்மா திறக்கிறான்.

போனை வாங்கிப் பேசினேன்.
நாய் இடப்பக்கம்தான் ஐயா,
இயக்குநர் அங்கேதான் கட்டிவைத்தார்.
இடது சுவரோரம் உட்கார்ந்து பாருங்கள்.

"சுவர் பக்கம் என் செத்த காதுதானே இருக்கும், பெண்ணே?
அதோடு அங்கே ஹீட்டரும் இல்லை."

நான் அளவுகோலை நம்புகிறவள்.
ஒரு காதுக்காக ஓர் அரங்கைச் சாய்ப்பது
இந்தத் தொழிலில் சேராது.
வீட்டில் சூப் ஆறிக்கொண்டிருக்க,
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து
பிராசஸருக்குள் நுழைந்தேன்.
பின் இடது.
ஒன்றரை டெசிபல். கூட்டினேன்.
அறிக்கையில் எழுதினேன்:
எல்லாம் அளவில் உள்ளது.

ஞாயிறன்று யாஸ்னாவின் செய்தி:
குரைத்ததாம்.
ஆனால் முன்பு அவன் வீட்டு நாயாக இருந்ததாம்,
இப்போது
பக்கத்து வீட்டு நாயாம்.
பரவாயில்லை என்று சொல்லிவிட்டு
செவ்வாய்க்கிழமைக்கு
அதே நாற்காலியைக் கேட்டிருக்கிறார்.