மறுபுறம் போட்ட சட்டை

ஆறாம் நாள்.
தட்டில் இருபத்துநான்கு குழிகள்.
ஊதாச் சாயம் ஊற்றி, கழுவி,
விளக்குப் பெட்டியின் மேல் வைக்கிறேன்.
உயிரோடிருக்கும் கலம் நாவற்பழ நிறத்தில் நிற்கும்.
டெங்கு தின்ற இடம் வெறும் ஓட்டை,
நுளம்பு வலையில் சிகரெட் பட்டதுபோல.

எண்ணுவதுதான் என் உத்தியோகம்.
முதல் வரிசை: நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு,
நாற்பத்துமூன்று, இப்படியே.
பொரளையில் விடியத்திலிருந்து மழை.
துலாஞ்சலி ரேடியோவைக் குறைத்துவிட்டு
"கீயத?" என்கிறாள், பேனை மூடியைக் கடித்தபடி.

இந்த வைரஸ் ஒரு பையனிடமிருந்து வந்தது.
மாளிகாவத்தை, ஆண், ஒன்பது வயது.
அவன் வீடு திரும்பினானா என்று எழுத
படிவத்தில் இடம் இல்லை.

இரண்டாம் வரிசையில் முப்பத்தேழை விட்டிருந்தேன்.
அப்படித்தான் நான் கூப்பிடுவேன்:
முப்பத்தேழு அமினோ அமிலம் கோத்த
ஒரு துண்டுப் புரதம்.
டொலர் கொடுத்து, ஐஸ் பெட்டியில் வரவழைத்தோம்.
குப்பியைத் தட்டினால்தான் தெரியும் அளவுக்கு வெள்ளைப் பொடி.
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்தது.
எச்சில் தொட்டு எச்சில் தொட்டு
எங்கள் கோப்பைப் புரட்டிய அதிகாரிக்குத் தெரியாது,
அதே சரக்கு இலவசமாக
அவர் நாக்கிலும் இருந்தது.

154ஆம் பஸ்ஸில் என்னோடு நசுங்குகிறவர்களின் வியர்வையில் இருக்கிறது.
பிறந்த பிள்ளையின் முதுகில்
வெண்ணெய்போல் அப்பியிருக்கும் அந்த மாவில் இருக்கிறது.
பிறபொருளெதிரி வர நாட்செல்லும்,
அது பழைய முகம் தேடும், பதிவேடு புரட்டும்.
இதற்கு ஞாபகமே கிடையாது.
இது நேர்மின்.
எதிர்மின் எங்கே தெரிகிறதோ அங்கே போய் ஒட்டும்,
துளைக்கும்.

வைரஸ் நம்மை விட்டு வெளியேறும்போது
நம் சவ்வையே உருவி உடுத்துக்கொண்டு போகிறது.
அப்புறம் எப்படி அடையாளம் பிடிப்பது?
ஒரு கட்டுரை சொல்கிறது:
அவசரத்தில் சட்டையை மறுபுறம் போட்டுவிடுகிறதாம்,
உள்ளே இருக்கவேண்டிய தையல் வெளியே தெரிகிறதாம்.
இன்னொரு கட்டுரை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

கிருலப்பனையில் ஒரு காலம்
பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டையை நீட்டிக்கொண்டு
நானும் வரிசையில் நின்றிருக்கிறேன்.
அலுவலகச் சேலைதான், எல்லாரையும்போல.
என்னில் எந்தத் தையல் தெரிந்ததோ.

இரண்டாம் வரிசை: மூன்று, ஒன்று, ஐந்து.
மூன்றாம் வரிசை அதைவிடக் குறைவு.
நான்காவது, மருந்து கூடிய வரிசை.
"ஓட்டை பூச்சியம்" என்றேன்.
துலாஞ்சலி எழும்பிக் கை தட்டினாள்.
இரு, இரு.
ஓட்டை இல்லைத்தான்.
ஊதாவும் இல்லை.
ஆறு குழியும் கண்ணாடிபோல் வெறுமை.
வைரஸ் வந்து கதவைத் தட்டமுதலே
காவலுக்கு வந்தது வீட்டை இடித்துவிட்டது.

அவள் உட்கார்ந்தாள். நான் எழுதினேன்:
நச்சு. அளவைக் குறைத்து மறுபடி செய்க.
வேறென்ன எழுத?

மாலை, தரிப்பிடத்தில்
குடைக் கம்பி பெருவிரலைக் கிழித்தது.
நாள் முழுக்கக் கையுறைக்குள் இருந்த கை,
பத்து வருடமாக வாய்க்குப் போகாதே என்று பழக்கிய கை,
என்னைக் கேளாமல் வாய்க்குப் போனது.
உப்பு, இரும்பு, கொஞ்சம் சவர்க்காரம்.
எத்தனை மைக்ரோகிராம் என்று
நாக்கு யாரிடமும் கேட்கவில்லை.

154 நிற்காமல் போனது.
முழங்கையில் ஒரு நுளம்பு,
காலில் வெள்ளை வரி.
அடித்தேன். தப்பிவிட்டது.