மூன்று பக்கம் கறுப்புத் தாள்

தருமபுரி, பென்னாகரம் ரோடு. மாடிப்படி ஏறியதும்
செருப்பு விடும் இடத்துக்கு எதிரே
டாக்டர் வாங்கி வைத்த மூன்றடித் தொட்டி.
பல் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்குப்
பயம் தெளியுமாம்.

நான்கு முத்து கௌராமிகள்
சேலத்திலிருந்து பாலிதீன் பையில் வந்தன.
வந்த மாலையே மோட்டாருக்குப் பின்னால் போய் நின்றவை
பதினோரு நாள் அங்கேயே நின்றன.

"தண்ணிய மட்டும் வளக்கறீங்களா?" என்றார்
பஞ்சு கடித்த வாயோடு
நல்லம்பள்ளி கிரஷர் டிரைவர்.
பிள்ளைகள் கண்ணாடியை விரலால் தட்டினார்கள்.
பெரியவர்கள் வண்டிச் சாவியால்.
டாக்டர், இன்னும் பெரிய விளக்காகப்
போட்டுவிடலாமா என்றார்.

நான் இங்கே உதவியாள்.
கருவிகளை வேகவைப்பேன்,
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன்.
முகத்தின்மேல் விளக்கைத் திருப்பியதும்
தோள்கள் காதுவரை ஏறுவதை
தினம் முப்பது பேரிடம் பார்க்கிறேன்.

விளக்கைப் பாதியாக்கினேன்.
பின்புறமும் இரு பக்கமும்
கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன்.
நாலு சுவரும் கண்ணாடியான வீட்டில்
யார் உட்கார்ந்து சோறு தின்பார்கள்?
வாரம் ஒரு வாளி போர் தண்ணீரை எடுத்து
ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை
ஒரு நாள் ஆறவிட்டு ஊற்றினேன்.
உடைந்த மண்சட்டி, கவிழ்த்து.
தாலுகா ஆபீஸ் வாதுமை மரத்துச் சருகு மூன்று.
ஏரியில் அள்ளிய அந்தரத்தாமரை, நன்றாக அலசி.

தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்ததும்
டாக்டர் முகம் சுளித்தார்.
"ஒளிய இவ்ளோ இடம் குடுத்தா
எப்படிம்மா வெளிய வரும்?"

அவர் நியாயம் அவருக்கு.

இரண்டு துடுப்பு தூரத்தில் பதுங்க இடமிருக்கிறது
என்பது உறுதியான பிறகு
ஒன்று, ஒன்றே ஒன்று,
சட்டி விளிம்பில் மூக்கை வைத்தது.

மீன்கடை ஜபருல்லா
எட்டு வரி டேனியோ கொடுத்தார்.
"இதுங்களுக்கு அறிவும் கம்மி, பயமும் கம்மி.
சும்மா ஓடிக்கிட்டே இருக்கும்.
அதப் பாத்து அதுங்க வரும்."
பந்திக்கு நடுவே ஓடும் பிள்ளைகள் மாதிரி
எட்டும் மேலும் கீழும் இரைந்தன.
அவற்றை எதுவும் வந்து தின்னவில்லை என்பதை
கௌராமிகள் மூன்று நாள்
கணக்குப் பார்த்தன.

பிறகு கம்ப்ரசர் மாற்ற வந்தவர்கள்
சுவரில் டிரில் போட்டார்கள்.
காலையில் ஒன்று தரையில் கிடந்தது,
முத்தெல்லாம் தூசியாகி.
மூடி போட மறந்தது நான்.
டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் எண்ணவுமில்லை.

மீண்டும் முதலிலிருந்து.
ஒரே நேரத்துக்குத் தீனி, ஒரே பக்கத்திலிருந்து,
ஒரே பச்சைச் சட்டை.

மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கி
மாஸ்க்கைக் கழற்றி
தொட்டிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து
ராகிக் களி சாப்பிடுகிறேன்.
நேராகப் பார்ப்பதில்லை.
நூல்போல இரண்டு கைகளை நீட்டி
கண்ணாடியில் என் வாய் விழும் இடத்தை
ஒன்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.
என் பல்லிலும் அதே போர் தண்ணீரின் காவி.
எவ்வளவு துலக்கினாலும் போகாதது.

மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு பெண் வருகிறாள்.
ஓசூர் கம்பெனி இன்டர்வியூவுக்கு முன்
முன்பல் நான்கையும் வெள்ளையாக்க வேண்டும்.
பெயர் சொல்லும்போதும் துப்பட்டா உதட்டின்மேல்தான்.
ஃபைலில் "கனிமொழியாள்" என்று எழுத
மூன்று முறை கேட்டேன்.
அவளுக்கு மூலை நாற்காலியைக் காட்டினேன்,
சுவரைப் பார்த்துச் சற்றுத் திரும்பியது,
தொட்டி ஓரக்கண்ணில் படும்.

இரண்டாம் சிட்டிங் அன்று
கூட்டம் அதிகம், நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.
துப்பட்டா எப்போது நழுவியதோ,
எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு அசைய.

"அக்கா, சின்னது எட்டு.
பெருசு மூணுதானா?"

நாலு என்று சொல்ல வாயெடுத்து
மூணு என்றேன்.